ஜீரோவைக் காணோம்

வடுகபட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான், கொரோனா ஊரடங்கில் சும்மா இருக்க முடியாமல் யூடியூப் பார்த்தான். ஊரடங்கு முடிவதற்குள், அவன் அப்பா காலத்து லேத்துக்குக் கைப்பிடி போய் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார் வந்துவிட்டது. பழைய ஸ்க்ரூ போய் பால் ஸ்க்ரூ. ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பிரிண்டர் ஒயர் செருகும் ஓட்டைக்குள்ளேதான் இப்போது லேத்தின் உயிர். இதெல்லாம் ஓடுவதற்கு முன்பே வாசல் போர்டில் 'சிஎன்சி' என்று பெயின்ட் அடித்தாகிவிட்டது.

ஓட்டுவது பெரிய விஷயமில்லை. எங்கிருந்து ஓட்டுவது என்பதில்தான் வம்பு.

மச்சான் ஜீரோ செட் பண்ணும்போது பட்டறையில் யாரும் தும்மக் கூடாது. சக்கில் ஜாப்பைக் கட்டி, மேலே லேசாக ஒரு கட்டிங் விடுவான். டூலைக் குறுக்குவாட்டு எக்ஸில் துளியும் அசைக்காமல் நீளவாட்டு இசட்டில் மட்டும் வெளியே இழுப்பான். சக் நின்றதும் மைக்ரோமீட்டர். 24.86 என்று வந்தால் அதை எக்ஸ் கட்டத்தில் தட்டுவான். 'தம்பி, இப்ப நீ நிற்கிற இடம் 24.86, நடுமையம் எங்கேன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற முறை அது. பிறகு ஜாப்பின் முகத்தில் ஃபேசிங் அடித்து, அங்கே இசட் ஜீரோ. எக்ஸ் ஜீரோ டூலை மாற்றாதவரை நிற்கும். இசட் ஜீரோ ரோஷக்காரன். ஜாப்பைக் கழற்றி மாட்டினாலே கோபித்துக்கொண்டு போய்விடுவான்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கரண்ட் போகும். ஸ்டெப்பர் மோட்டாருக்குக் கண் கிடையாது. இத்தனை அடி எடுத்து வை என்றால் வைக்கும். எங்கே நிற்கிறோம் என்று திருப்பிச் சொல்லத் தெரியாது. கணக்கெல்லாம் கம்ப்யூட்டரிடம். அதுவோ செத்துப் பிழைத்து எழுந்ததும், டூல் பாதி ஷாஃப்ட்டில் நின்றாலும், எக்ஸ் ஜீரோ, இசட் ஜீரோ என்று பளிச்சென்று காட்டும். குடித்துவிட்டு வாய்க்கால் கரையில் விழுந்தவன் 'இதுதான்டா என் வீடு' என்று சொல்வானே, அந்தத் தெளிவு.

"டயல்ல சாக்பீஸால ஒரு கோடு. அதானப்பா ஜீரோ. கரண்டு போனா கோடு அழியுமா?" என்பார் பட்டறையில் முன்பு டர்னராக இருந்த பெரியவர். மச்சான் காதில் வாங்குவதில்லை.

அவன் கண்டுபிடித்த பரிகாரம் ஹோமிங். லேத்தின் மூலையில் ஒரு சென்ஸார். கரண்ட் வந்ததும் கேரேஜ் அங்கே போய்த் தொட்டு, கொஞ்சம் பின்வாங்கி, மெதுவாக மறுபடி தொட வேண்டும். அது மெஷின் ஜீரோ. அங்கிருந்து ஜாப் ஜீரோ எவ்வளவு தூரம் என்பது ஜி54 என்ற பெயரில் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும்.

"ரெண்டு ஜீரோ எதுக்குடா?" என்றேன்.

"பேப்பர் படிக்கிறதில்லையா மாமா?" என்றான். அணை நீர்மட்டம் முல்லைப் பெரியாறில் 142 அடி, இடுக்கியில் 2,403 அடி. மேலே இருக்கும் அணைக்கு 142. அது திறந்துவிடும் உபரி நீரை வாங்கிக்கொண்டு கீழே கிடக்கும் அணைக்கு 2,403. இடுக்கிக்குக் கடல் மட்டத்திலிருந்து அளவு. பெரியாறுக்குச் சொந்த ஜீரோ. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றதும் அந்த ஜீரோவிலிருந்துதான். இது தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்து, கேரளா நம் தண்ணீரை எத்தனை அடி ஏமாற்றுகிறது என்று டீக்கடையில் விளக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஜி54 சொல்லித்தர ஆளில்லை.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், மச்சானின் லேத் போல எண்களால் ஓடும் மில்லிங் மெஷினை முதன்முதலில் ஓட்டிக் காட்டினார்கள். பக்கத்தில் பூண்டுச் சந்தை இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம். வடுகபட்டியில் வியாழனும் ஞாயிறும் சந்தை. மூட்டை பிரித்துக் கொட்டினால் பூண்டுத் தோல் தெருவெல்லாம் பறக்கும். சட்டைப் பைக்குள் வரும், டீ கிளாசுக்குள் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் சென்ஸார் இடுக்கிலும் வந்து உட்கார்ந்தது. அது வெளிச்சம் மறைந்தால் வேலை செய்கிற ஆப்டிகல் சென்ஸார். கேரேஜ் வந்து மறைத்தாலும் சரி, கொடைக்கானல் மலைப்பூண்டின் தோல் மறைத்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். நின்ற இடத்திலேயே 'வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்று அறிவித்துவிட்டு, டூல் நேராக சக்கை நோக்கிக் கிளம்பியது. மச்சான் பாய்ந்து போய் எமர்ஜென்சி பட்டனைக் குத்தினான்.

இப்போது உலோகத்தை மட்டும் உணரும் பிராக்ஸிமிட்டி சென்ஸார். பூண்டுத் தோலை அது மதிப்பதே இல்லை. இரும்புச் சுருளை மதிக்கும். அதனால் சென்ஸாருக்கு மேலே ஒரு தகரக் கூரை.

போன தடவை நான் போயிருந்தபோது மேல்மங்கலத்துக்காரர் ஒருவர், தேய்ந்த மோட்டார் ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து, இதற்கு ஒரு புஷ் கடைந்து தரச் சொன்னார்.

"என்ன அளவுண்ணே?"

"இந்தா, இந்த அளவுதான்."

மச்சான் மைக்ரோமீட்டர் வைத்தான். ஒரு பக்கம் 24.60. கொஞ்சம் தள்ளி 24.10.

"இதுல எதுண்ணே?"

"நடுவுல ஒண்ணைப் போடு தம்பி. டைட்டா இருந்தா நான் அரம் வச்சு ராவிக்கிறேன்."