ஓபனுக்குப் பூட்டு

சென்னை ஓபன் டென்னிஸுக்குப் போட்ட பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டா? (வாசகர், திண்டுக்கல்)

உங்கள் ஊர்ப் பூட்டாக இருந்தால் புனேக்காரர்கள் 2018இல் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியுமா? 1996இல் டெல்லியில் தொடங்கி மறு ஆண்டே நுங்கம்பாக்கம் வந்த போட்டி அது. அப்போது பெயர் கோல்ட் ஃபிளேக் ஓபன். விளையாட்டுக்கு சிகரெட் பெயர்! (உங்கள் ஊர்ச் சுருட்டை ஏன் கேட்கவில்லையோ?)

2008 அரையிறுதியில் நடால், மோயாவுடன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தார். இறுதியில் யூஸ்னியிடம் 0-6, 1-6. ஒற்றையர் பட்டத்தை இந்தியர் ஒருவரும் தொட்டதில்லை. 2009இல் சோம்தேவ் இறுதிவரை போனார். இரட்டையரில் பயஸும் பூபதியும் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

புனேயிலும் 2023 ஜனவரியோடு கடை மூடியாகிவிட்டது. ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் போட்டிகள் இன்னும் நடக்கின்றன, டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள்.