ஆடின கால் சும்மா இருக்குமா?

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் உங்கள் மச்சான் கம்பெனி மாறுவதென்றால் என்ன செய்வார்? புது ஆஃபர் லெட்டரை பையில் வைத்துக்கொண்டு, பழைய மேனேஜர் முன்னால் முகத்தைச் சோகமாக்கி, "பர்சனல் ரீசன் சார்" என்பார். நோட்டீஸ் பீரியட் முடிந்ததும் ஒரு கேக் வெட்டுவார்கள். அவ்வளவுதான். மேனேஜர் அவரை லாட்ஜில் பூட்டி, வாசலில் நாலு தடியர்களைக் காவல் வைத்ததாக எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

ஒரு காலத்துக் கல்கத்தா கால்பந்தில் அதுதான் ஹெச்.ஆர். பாலிசி!

டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தால் போதும், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டு கிளப் ஆட்களும் ஆட்டக்காரர்களைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். கிடைத்தவரைத் தூக்கிக்கொண்டு போய் ஹோட்டலிலோ, பக்தி முற்றிய ரசிகர் வீட்டிலோ ஒளித்துவைப்பார்கள். கையெழுத்துப் போடுகிற நாளில் படை பரிவாரங்களோடு, வங்கக் கால்பந்தை நடத்தும் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு ஊர்வலம். அதுவரை சாப்பாட்டில் குறை இருக்காது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, கொஞ்சம் சந்தேகத்துக்குரிய மாப்பிள்ளையைக் கவனிப்பார்களே, அந்தக் கவனிப்பு.

இந்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்பிய ஊர்களில் பெங்களூரும் உண்டு. 1949 வாக்கில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையைப் பாருங்கள்: சாலே, அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ். ஊரே 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடியது. இதில் அகமது கானும் தன்ராஜும் பெங்களூர் பிள்ளைகள். மற்ற மூவரும் தெற்கத்திக்காரர்கள்தான். கிளப்பின் பெயரில் பெங்கால் இருந்தது. கோல் போடும் வேலையை அவுட்சோர்ஸ் செய்துவிட்டார்கள்!

சரி, இந்தப் பாண்டவர்களுக்குக் கிளப்போடு மனஸ்தாபம் வந்தால் யாரிடம் போய் நிற்பது? கிருஷ்ணரிடமா? சங்கம் கிங்கம் எதுவும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பெங்களூருக்குச் சங்கம் என்பது புதிதே இல்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. இரண்டும் கால்பந்து அணி வைத்திருந்த தொழிற்சாலைகள். 1980 டிசம்பரில் இவற்றோடு எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். தொழிலாளர்களும் சேர்ந்து சம்பளத்துக்காக ஆரம்பித்த ஸ்ட்ரைக் 77 நாள் ஓடியது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போகவில்லை. ஆக, தொழிற்சாலை அணியில் ஆடியவர் 'தொழிலாளி' என்ற முறையில் கேன்டீன் சாம்பாருக்குக்கூடக் கொடி பிடிக்கலாம். அதே ஆள் பூட்ஸை மாட்டிக்கொண்டால் அநாதை!

வெள்ளைக்காரன் மட்டும் என்ன வாழ்ந்தான் என்கிறீர்களா? இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் கதை தெரியுமா? காண்ட்ராக்ட் முடிந்தும் நியூகாசில் அவரை விடவில்லை. அங்கே அதுதான் சட்டமாம்: சம்பளமும் தராமல், வேறு கிளப்புக்கும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 1960-ல் மனிதர் வெறுத்துப்போய் நண்பரின் கம்பெனியில் கார்க் விற்கப் போய்விட்டார். கிளப் ஒருவழியாக இறங்கிவந்து அவரை ஆர்சனலுக்கு விற்றது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆட்டக்காரர் சங்கம், "தம்பி, நீ தப்பித்துவிட்டாய், மற்றவன்?" என்று கோர்ட்டுக்கு இழுத்துப்போனது. 1963-ல், இப்படிப் பிடித்து வைப்பது தொழில் செய்யும் உரிமைக்கே விரோதம் என்றார் நீதிபதி. இந்தியாவுக்கு அந்தச் செய்தி வந்துசேர 43 வருஷம் ஆயிற்று. தபால் அப்படி!

2006-ல் இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் பிறந்தது. தலைவர் பாய்ச்சுங் பூட்டியா. சிக்கிம்காரர், அப்போதைய இந்திய கேப்டன். 1997-ல் அவர் ஈஸ்ட் பெங்காலில் இருந்தபோது மோகன் பகான் கோச் அமல் தத்தா, எதிரணி ஒமோலோவை ஆம்லெட் என்றும், சோசோவை வெள்ளரிக்காய் என்றும் கிண்டலடித்தார். பூட்டியாவுக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. மெனு கார்டு தயார். மேட்ச் அன்று சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் பார்க்க, பூட்டியா ஹாட்ரிக் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4, மெனு கார்டு 1.

அப்பேர்ப்பட்டவர் பிறகு அதே மோகன் பகானுக்கே ஆடப் போனார் என்பது தனிக் கதை. கல்கத்தாவில் பகையும் லோன் பேசிஸ்தான்.

2009. பூட்டியா மோகன் பகானில் இருக்கிறார். சோனி டிவியில் 'ஜலக் திக்லா ஜா' என்ற நடனப் போட்டி. கேப்டன் அங்கே போய் ஆட ஆரம்பித்துவிட்டார்! எதிரே ஜட்ஜ் நாற்காலியில் சரோஜ் கான், ஜூஹி சாவ்லா. கிளப் பெரிசுகளுக்கு நெஞ்சு வலி வராத குறை. 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்து ஷீல்டு வாங்கிய கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு, ஜிகினா சட்டையில் இடுப்பை வெட்டுவதா? ஆட்டத்தில் அக்கறை இல்லை என்று முணுமுணுத்தார்கள். சங்கத் தலைவருக்கும் ரோஷம் வந்தது: இனி மோகன் பகானுக்கு ஆடவே மாட்டேன். (நடனப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டார் என்பது கிளப்பின் வயிற்றெரிச்சலுக்குக் கூடுதல் நெய்.)

ஜூனில் நேரே போய் ஈஸ்ட் பெங்காலில் கையெழுத்துப் போட்டார். மோகன் பகான் சாவகாசமாக ஒரு காகிதத்தை எடுத்து நீட்டியது. "அய்யா, நம்ம காண்ட்ராக்டில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறதே?"

காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். எந்த ஊர் ஆட்டக்காரர் சங்கமானாலும் முதல் கோஷம் என்ன? 'கிளப்பே, காண்ட்ராக்டை மதி!' இங்கே கிளப் காண்ட்ராக்டைத் தூக்கிப் பிடிக்கிறது. சங்கத் தலைவர் எதிர் கேட் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார். குறை சொல்ல சங்கத்துக்குப் போகலாமென்றால், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் அவரேதான். மனுவை எழுதுபவரும் வாங்கி ஸ்டாம்ப் குத்துபவரும் ஒரே ஆள் என்றால் ஆபீஸ் எவ்வளவு ஸ்பீடாக நடக்கும்! பஞ்சாயத்து அகில இந்தியக் கால்பந்து ஃபெடரேஷன் வரை போனது. பூட்டியா என்னவோ ஈஸ்ட் பெங்கால் சட்டையில்தான் ஆடினார். ஆடின கால் அல்லவா.

கிளப்புகள் இதில் பாடம் கற்றிருக்கும் என்று நினைக்கிறீர்களா? 2024-ல் அன்வர் அலி என்ற டிஃபெண்டர். அதே மோகன் பகானிலிருந்து அதே ஈஸ்ட் பெங்காலுக்கு. ஃபெடரேஷன் கமிட்டி நாலு மாதத் தடை போட்டு, சம்பந்தப்பட்டவர்கள் சேர்ந்து 12.90 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டணும் என்றது. டெல்லி ஹைகோர்ட்டில் அது நிற்கவில்லை. முன்பு லாட்ஜ் ரூம் வாடகையோடு முடிந்த செலவு இப்போது வக்கீல் ஃபீஸாகிவிட்டது. இதற்குப் பெயர் முன்னேற்றம்.

பூட்டியா? ஃபெடரேஷனே சரியில்லை, நானே தலைவராகிறேன் என்று 2022-ல் தேர்தலில் நின்றார். எதிரே கல்யாண் சௌபே. இரண்டு கல்கத்தா கிளப்புக்கும் ஆடிய முன்னாள் கோல்கீப்பர். ஓட்டுப் போட்டவர்கள் மாநிலச் சங்கங்கள். ரிசல்ட் 33-1. வாழ்நாள் முழுக்க கோல் அடித்த மனிதரிடம் ஒரு கோல்கீப்பர் இப்படிப் பழி தீர்த்ததாகச் சரித்திரமே கிடையாது.

கோல்கீப்பர் தலைமையில் 2025 வந்தது. லீக் நடத்தும் ஒப்பந்தம் என்னாகும் என்று தெரியாமல் ஐ.எஸ்.எல். சீசன் தொங்கலில் கிடக்க, ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. நிர்வாகம் தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. 77 நாள் ஸ்ட்ரைக் பார்த்த ஊர்தான். ஆனால் அன்றைக்கு ஸ்ட்ரைக் செய்தது தொழிலாளி. இந்தத் தடவை சம்பளம்!