நெஞ்சில் அடிக்கும் பாட்டு

பொள்ளாச்சிக்காரரிடம் பஸ் விசாரித்தால் நேரத்தைச் சொல்வதற்கு முன் செட்டைச் சொல்வார். "இப்ப ஒண்ணு வரும், அதுல ஏறாதீங்க, ஸ்பீக்கர் கரகரங்கும். அதுக்குப் பின்னாடி வர்றதுல ஏறுங்க, ராஜா பாட்டுக்குன்னே அடிச்ச செட்டுங்க அது." கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்களில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவன் நான். நின்றுகொண்டு போனதை மறந்துவிட்டேன், வயலின் எந்த இடத்தில் நுழையும் என்பது மட்டும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்குச் சென்னையில் வாய்த்தது ஒரு பழைய சின்னக் கார். அதில் கம்பெனி கொடுத்த செட்டில் பாட்டைக் கேட்டால் பக்கத்து வீட்டு டிவி கேட்பது போலிருக்கும். யாரோ பாடுகிறார் என்பது வரைக்கும் தெரியும். என் ஆசை சின்னது: தெளிவாகவும் கேட்க வேண்டும், சத்தமாகவும் கேட்க வேண்டும். மனித குலத்துக்கே இந்த ஆசை உண்டு. 1956-ஆம் வருஷத்து கிறைஸ்லர் கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே இசைத்தட்டுக் கருவியே வைத்து விற்றார்கள். நிமிஷத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவாக, நிதானமாகச் சுழலும் தட்டு. நல்லவேளை, வேளச்சேரி சாலையில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

சென்னையில் காருக்கு எது வேண்டுமென்றாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே வண்டியின் வேகத்தைக் குறைத்தாலே போதும், ஜன்னலோரம் ஒரு தலை குனியும். "சீட் கவரா சார், மேட்டா, செட்டா?" செட்டு என்றேன். அடுத்த நொடி ஒரு கடைக்குள் இருந்தேன். சுவர் முழுக்க ஸ்பீக்கர். கடைத் தம்பி ஸ்விட்சைத் தட்டினார். கடைக் கண்ணாடி நடுங்கியது, மேஜை மேலிருந்த டீ டம்ளர் தானாக நகர்ந்தது.

"நெஞ்சுல அடிக்குதா சார்?"

"நெஞ்சுலதான் தம்பி அடிக்குது. காதுல எப்ப கேக்கும்?"

அவருக்கு அது கேட்கவில்லை.

அப்புறம் அட்டைப்பெட்டியைக் காட்டினார். 'நாலு சேனல், ஒவ்வொன்றும் 50 வாட், மேக்ஸ்.' ஆகமொத்தம் 200 வாட். செட்டின் முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. வண்டி ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட்டும் கொஞ்சமும். பெருக்கினால் 140 வாட்டைச் சற்றே தாண்டும். உள்ளே போவது 140, வெளியே வருவது 200! இதைக் கண்டுபிடித்தவரிடம் மின்வாரியத்தை ஒப்படைத்திருந்தால் தமிழ்நாட்டில் மின்வெட்டே வந்திருக்காது. 'மேக்ஸ்' என்பது கண் சிமிட்டும் நேரத்துக்கு எட்டிப்பார்க்கும் கணக்கு. தொடர்ந்து தரும் பவரை 'ஆர்எம்எஸ்' என்று பெட்டியின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்த மாதிரி செட்டுகளில் அது ஒரு சேனலுக்கு 20 வாட் பக்கம் வந்தால் பெரிது.

இதைச் சொன்னதும் தம்பி முகம் மலர்ந்தது. "அதுக்குத்தான் சார் தனியா ஆம்ப் போடணும்." ஆம்ப் வந்தது. ஆம்ப் தனியாக இருக்கக் கூடாதென்று டிக்கியில் 12 இன்ச் வூஃபர் பாக்ஸ் வந்தது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் மனைவி டிக்கியைத் திறந்து பார்த்தாள். "ஏங்க, டிக்கி எங்க?" நான் பாக்ஸைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மூடினாள். பதில் அடுத்த தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது வந்தது. தேங்காய் மூட்டை பின் சீட்டில் ஏறியது. மிச்ச இடத்தில் மாமனார் உட்கார்ந்தார். அவர் மடியில் பலாப்பழம் உட்கார்ந்தது.

சேலம் தாண்டியதும் பாட்டைப் போட்டேன்.

"மாப்ளே, பாடறது யாரு?"

"எஸ்பிபி மாமா."

"பாடறாரா?"

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். "இந்தப் பாட்டுல ஷெனாய் எப்ப சேத்தாங்க?" சேர்க்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'கொய்ய்ங்' என்று ஒன்று சுருதி ஏறிக்கொண்டே போனது, காலை எடுத்தால் இறங்கியது. ஆல்டர்னேட்டர் வாசித்த தனி ஆவர்த்தனம் அது.

கடைக்குப் போனேன். கடையில் எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான்: இன்னொரு பொருள். கொய்ங் சத்தத்துக்குக் கெப்பாசிட்டர். குரல் கேட்கவில்லை என்றால் பெரிய ட்வீட்டர். ஆம்பில் 'கெயின்' என்றொரு திருகு உண்டு. அதை முழுக்கத் திருகிவிட்டு, "இப்ப பாருங்க சார் சவுண்டு" என்றார்கள். கெயின் சத்தம் ஏற்றும் திருகு இல்லை. செட்டு அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்திவைக்கும் திருகு அது. கடைசி வரை திருகினால் ஆம்ப் தன்னால் முடியாததை முயற்சி செய்யும். ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். கரகரப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். அப்படியே ஓட்டினால் முதலில் கருகுவது ட்வீட்டர்.

கடைசியில் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். செட்டு மாட்டுவதுதான் தொழில், ஆனால் பாட்டு என்றாலே ஆகாது. நாள் முழுக்கக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம். "பாட்டெல்லாம் வேணாம் சார், நியூஸ் போடுங்க. வாசிக்கிறவர் பேசுறது புரிஞ்சா எல்லாம் புரியும்." இந்த ஒரு வாக்கியத்தை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டின் இரு முனைகளிலும் போர்டு எழுதி மாட்டலாம்.

அவர் வேலை பார்த்த விதம் வேறு. சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் வயரில் தொட்டார். ஒரு கதவில் கூம்பு வெளியே துள்ளியது. எதிர்க் கதவில் உள்ளே போனது. "பிளஸ் மைனஸ் மாத்தி அடிச்சிருக்கான் சார்." ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ள, மற்றொன்று இழுத்தால் கூட்டிக் கழித்துப் பேஸ் பூஜ்யம். நடுவில் நின்று பாட வேண்டிய எஸ்பிபிக்கும் நிற்க இடமில்லாமல் போயிருக்கிறது. ஆம்பின் எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். அந்த இடத்தைத் தகரம் பளபளக்கும் வரை சுரண்டி மறுபடி முடுக்கினார். பவர் வயர் ஒரு பக்கமும் சிக்னல் வயர் மறுபக்கமுமாகப் பிரித்து விட்டார். ஷெனாய் நின்றது. கெயினைக் குறைத்தார். கரகரப்பு நின்றது. இதுவரை ஒரு பொருளும் வாங்கச் சொல்லவில்லை என்பதால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் கதவு. கார் கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் மெல்லிய தகரம், அதிலும் ஏகப்பட்ட ஓட்டை. ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் முதுகுப்பக்க ஒலியும் அந்த ஓட்டை வழியே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சமிருப்பதைத் தகரம் அதிர்ந்து கெடுக்கும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டால் ஓட்டைகளை அடைத்து, தகரத்திலும் ஒட்டினார். 'டேம்பிங்' என்பார்கள். வூஃபர் பாக்ஸை இறக்கிவிட்டோம். கதவு ஸ்பீக்கரிலேயே வேண்டிய பேஸ் வந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் ஆம்பின் பவரைக் கிட்டத்தட்டப் பத்து மடங்காக்க வேண்டும். வெறும் இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும், அதைக் காது கண்டுகொள்வதே பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் சின்னக் காருக்குள் டயரும் காற்றும் போடும் இரைச்சலே 70 டெசிபல் பக்கம் இருக்கும். பாடகர் அதன் தலைமேல் ஏறி நின்றுதான் பாட வேண்டும். டேம்பிங் அந்த இரைச்சலில் 3 டெசிபலைக் குறைத்தாலும் பாட்டுக்குக் கிடைக்கும் லாபம் அதேதான். ஆனால் 'மௌனம், மேக்ஸ் 200 வாட்' என்று அட்டைப்பெட்டியில் போட முடியாதே, எவன் விற்பான்?

பேஸையும் டிரெபிளையும் கடைசி வரை ஏற்றி, நடுவைப் பள்ளமாக்குவது நம் நாட்டு வழக்கம். மனிதக் குரல் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது. சத்தம் குறைவாக வைத்தால் காதுக்குப் பேஸ் குறைந்து தெரியும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். செட்டில் இருக்கும் 'லவுட்' பொத்தான் அதற்காக வந்தது. மெதுவாகக் கேட்கும்போது அமுக்க வேண்டியதை நாம் முழுச் சத்தத்தில் அமுக்கிவிட்டு ஸ்பீக்கரைத் திட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் எட்டுக் கை மாறி வந்த பாட்டைப் போட்டுவிட்டு செட்டைத் திட்டுகிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

வேலை முடிந்த காரில் முதலில் ஏறியவள் மனைவி. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்தினாள். "கதவு என்னங்க பெரிய கார் மாதிரி கனமா சாத்துது?" அடுத்தமுறை ஊருக்குப் போனபோது மாமனார் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார். "வார்த்தையெல்லாம் நல்லா புரியுது மாப்ளே," என்றார். "கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க, தூங்கணும்."

அவர் சொன்னதில் அறிவியல் உண்டு. 85 டெசிபலை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில்நலக் கழகமான நியாஷின் கணக்கு. 100 டெசிபல் வைத்தால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான். கிண்டியில் ஏற்றினால் தாம்பரம் போவதற்குள் அன்றைய கோட்டா தீர்ந்துவிடும்.

ஆகவே, சிக்னலில் என் பக்கத்தில் வந்து நிற்கும் கறுப்புக் கார் நண்பரே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பாட்டு எனக்கும் பிடித்த பாட்டுதான், சத்தத்தைக் குறைக்கச் சொல்லமாட்டேன். பின்னால் நம்பர் பிளேட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு மட்டும் வைத்து முடுக்கிவிடுங்கள். நீங்கள் உள்ளே இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை, வெளியே நிற்கும் எங்களுக்குக் கேட்பது அது மட்டும்தான்.