ஓடாமல் ஓடுகிறவர்

ஏப்ரல் மாதம், மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நேஷனல் கிளப்பின் கேட் காலையில் திறந்ததும், பெருங்கூட்டம் ஒன்று முழங்காலை மடக்காமல் விரைகிறது. உள்ளே ஓடக் கூடாது என்பது சட்டம். அதனால் ஓட்டத்துக்கு ஒரு நூல் குறைவான வேகத்தில், இடுப்பை மட்டும் ஆட்டியபடி, கையில் மடக்கு நாற்காலியோடு அறுபது வயதுக்காரர் ஒருவர் முன்னேறுகிறார். அவர்தான் நம் ஆள்.

அவர் நேராகப் போவது கடைசிக் குழியான பதினெட்டாவதின் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு. கயிற்றோரம் நாற்காலியை விரிப்பார். முதுகுப்பக்கத்து உறையில் விசிட்டிங் கார்டைச் செருகுவார். உடனே அங்கிருந்து கிளம்பிவிடுவார்! கடைசி ஜோடி அந்தக் குழிக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதுவரை அந்த நாற்காலியை யாரும் நகர்த்த மாட்டார்கள். கால் வலித்த வேறொருவர் அதில் உட்காரலாம். சொந்தக்காரர் வந்தால் எழுந்து வழிவிட வேண்டும். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்து, அதற்காகச் சண்டையும் போட்டவர்களுக்கு இந்த ஒழுங்கு நம்ப முடியாததாக இருக்கும்.

இவ்வளவு பணிவு எங்கிருந்து வந்தது? டிக்கெட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான். நான்கு நாள் பேட்ஜுக்கு 1972-ல் காத்திருப்போர் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார்கள். கூட்டம் தாங்காமல் 1978-ல் அந்தப் பட்டியலையே மூடினார்கள். மற்றவர்களுக்குக் குலுக்கல்தான் கதி. இப்படிக் கிடைத்ததைத் தடையை மீறிச் செல்போன் எடுத்து வந்தோ, நாலடி ஓடியோ பறிகொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? கிளப்பும் சாதாரணமானதல்ல. இங்கே ரசிகர்களைப் 'பேட்ரன்' என்றுதான் சொல்ல வேண்டும். 1966-ல் டிவி வர்ணனையாளர் ஜாக் விட்டேகர், கிரீனை நோக்கி வந்த கூட்டத்தைக் கும்பல் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு சில வருஷங்கள் மாஸ்டர்ஸ் ஒளிபரப்பில் அவர் குரலே கேட்கவில்லை.

கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான பாபி ஜோன்ஸ், ஆட்டக்காரர் தவறாக அடித்தால் கைதட்டி மகிழக் கூடாது என்று 1967-ல் எழுதி வைத்தார். நம்மவருக்கு அது மனப்பாடம். இதற்கு நேர்மாறாக, அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ஃபீனிக்ஸ் ஓபன் என்றொரு போட்டி நடக்கிறது. அதன் பதினாறாவது குழியைச் சுற்றி ஸ்டேடியமே கட்டியிருக்கிறார்கள். பந்து கிரீனைத் தவறினால் ஊளையிடுவார்கள். 2022-ல் சாம் ரைடர் அங்கே ஒரே அடியில் பந்தைக் குழியில் போட, பீர் டப்பாக்கள் மழையாகப் பொழிந்தன. அவற்றைப் பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டம் நின்றது. இந்தச் செய்தியைச் சொல்லும்போது நம்மவர் முகத்தில் அருவருப்பு தெரியும். பொறாமையும் கொஞ்சம் தெரியும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஆட்டத்தைப் பார்க்கிறாரா?

அதுதான் சிக்கல். கிரிக்கெட்டில் ஒரே ஒரு பந்து. எல்லாரும் அதைப் பார்க்கலாம். இங்கே பதினெட்டு குழிகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கிறது. பத்தாவது குழியில், முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து கிரீனுக்கு முப்பது மீட்டருக்கு மேல் சரிவு. டிவியில் அது சமதரை மாதிரி தெரியும். இறங்கி ஏறுகிறவரின் முழங்காலுக்குத்தான் உண்மை தெரியும். புகழ்பெற்ற பன்னிரண்டாவது குழியிலோ டீக்குப் பின்னாலேயே உட்கார வேண்டும். ஓடைக்கு அப்பால் இருக்கும் கிரீனின் பக்கம் ரசிகர்கள் போக முடியாது. ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்றியதும் நம்மவர் தலையை நிமிர்த்தி, அக்கம்பக்கத்தார் பார்க்கும் திசையில் பார்த்து, "அருமை" என்பார். பந்து அவர் கண்ணில் பட்டதா என்பது அவருக்கும் பந்துக்கும் உள்ள ரகசியம்.

ஆனால் காதுகள் கூர்மையானவை. பைன் மரங்களுக்கு அப்பால் ஆரவாரம் எழுந்தால், அது பேர்டியா (குழிக்குரிய 'பார்' கணக்கைவிட ஓர் அடி குறைவு) ஈகிளா (இரண்டு அடி குறைவு) என்று தீர்ப்பு சொல்வார். டைகர் உட்ஸ் என்றால் ஓசையே வேறாம். 2019-ல் உட்ஸ் நாற்பத்து மூன்று வயதில் வெற்றியாளருக்கான பச்சைக் கோட்டை ஐந்தாவது முறையாக வென்ற ஞாயிற்றுக்கிழமையை அவர் இன்றும் ஒலியாகவே விவரிப்பார். கொரோனாவால் 2020 போட்டி நவம்பரில் ரசிகர்களே இல்லாமல் நடந்தது. டஸ்டின் ஜான்சன் இருபது அண்டர் பார் என்ற சாதனையோடு ஜெயித்தார். நம்மவர் அதை அரைக் கணக்காகத்தான் சேர்ப்பார். கத்த ஆளில்லாமல் என்ன சாதனை?

நடுவே பச்சை உறையில் சுற்றிய பிமென்டோ சீஸ் சாண்ட்விச். விலை வெறும் ஒன்றரை டாலர். இந்த மலிவை மெச்சி மூன்று சாப்பிடுவார். மிச்சம் பிடித்த காசோடு கடைக்குப் போய், தோட்டத்தில் வைக்கும் குள்ளன் பொம்மைக்காகப் பல மடங்கு செலவழிக்கத் துணிவார். அது விடிந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். சட்டை, தொப்பி, குடை என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

பிற்பகலில் பதிமூன்றாவது குழிப் பக்கமிருந்து ஓர் ஆரவாரம் எழுகிறது. மரங்களே அதிர்ந்த மாதிரி. ஈகிள் என்று தீர்ப்பளித்துவிட்டு ஸ்கோர் பலகைக்கு விரைகிறார். அங்கே ஆட்கள் கையால் எண்ணை மாற்றியாக வேண்டும், இன்னும் மாற்றவில்லை. பொறுக்க முடியவில்லை. செல்போனுக்குப் பதிலாகக் கிளப் இலவசமாக வைத்திருக்கும் தொலைபேசிகளில் ஒன்றைப் பிடித்து, தனக்கு நினைவிருக்கும் ஒரே எண்ணைச் சுழற்றுகிறார். வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி எடுக்கிறார்.

"இங்கே என்ன நடந்தது, சொல்லேன்!"

"விளம்பரம் போட்டிருக்கான். முடியட்டும், இருங்க."