பதிப்புப் பண்டிதர்

பழைய நூல்களின் பாடபேதங்களை ஆராய்ந்து, எந்த ஏட்டில் எந்தச் சீர் சிதைந்தது, எந்தப் பிரதியில் எவர் கை வைத்தார் என்று ஆயுள் முழுவதும் வாதிட்டுக்கொண்டிருந்த வித்துவான்களின் பரம்பரை அற்றுப்போய்விட்டதே என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். அவர்கள் வீணாக விசாரப்படுகிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். அந்தப் பரம்பரை அழியவில்லை. ஜாகையை மட்டும் மாற்றிக்கொண்டு, வீடியோ கேம் லோகத்தில், அதிலும் இருவர் திரையில் எதிரெதிரே நின்று குத்தியும் உதைத்தும் நெருப்புப் பந்து எறிந்தும் தங்கள் விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ளும் சண்டை ஆட்டங்களின் வட்டாரத்தில், சர்வ சௌக்கியமாகக் குடியிருந்து வருகிறது.

இந்தப் பதிப்புப் பண்டிதரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வயது நாற்பதுக்கு இப்பாலோ அப்பாலோ இருக்கும். சட்டையின் முன்புறத்தில் சிவப்புத் துணியை நெற்றியில் கட்டிய ஒரு ஜப்பானிய வீரன் சலவைக்கு மேல் சலவை கண்டு மங்கிப்போய் நிற்பான். இடது கட்டைவிரலில், ஓயாமல் பொத்தானை உருட்டியதன் பலனாக, ஒரு காய்ப்பு இருக்கும். கலை ஜப்பானில் வளர்ந்ததாகையால் அவருடைய மூலஸ்தானம் அந்நாட்டுக் கேம் சென்டர்கள்தான் என்றாலும், கலிபோர்னியாவிலும் லண்டனிலும் லாகூரிலும் அவருக்குக் கிளைகள் உண்டு. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து டெக்கன் 3 ஆடிப் பழகிய நம் ஊர்க் கடைகளிலிருந்து புறப்பட்டவர்களும் உண்டு. நான் அறிந்த பண்டிதர் இந்தக் கடைசி ரகம். பகலில் ஏதோ உத்தியோகம் பார்க்கிறார் என்று கேள்வி. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவரிடம் என் நண்பர் ஒருவரின் மகன், கல்லூரியில் சேர்ந்த புதிது, விடுதியில் பொழுதுபோகாத பிள்ளை, ஒரு நாள் மிகுந்த விநயத்தோடு வந்து நின்றான். "சார், எனக்கு இதெல்லாம் புதுசு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நல்லா இருக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமா?" என்றான்.

பண்டிதர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ரெண்டு?" என்றார்.

இரண்டு என்றால் இரண்டுதான் என்று நம்பி அதுவரை வளர்ந்திருந்த அந்தப் பிள்ளைக்குப் பதில் தோன்றவில்லை. பதிலுக்காகப் பண்டிதரும் காத்திருக்கவில்லை. காப்காம் கம்பெனியார் 1991-ஆம் ஆண்டு முதல் இரண்டை வெளியிட்டதையும், அதில் எட்டுப் பேர்தான் ஆடக் கிடைத்தார்கள் என்பதையும், அடுத்த ஆண்டே சாம்பியன் எடிஷன் வந்து, நான்கு வில்லன்களும் ஆடுவோர் கைக்கு வந்ததையும், ஒரே வீரனை இருவரும் தேர்ந்தெடுத்துத் தன்னோடு தானே மோதும் அத்வைத நிலையும் அப்போதுதான் வாய்த்தது என்பதையும், அந்த இயந்திரப் பலகையைத் திருட்டுத்தனமாகத் திருத்தியவர்கள் ஆகாயத்திலிருந்தே நெருப்பெறியும்படியாகவும் வேகம் தறிகெட்டு ஓடும்படியாகவும் ரெயின்போ எடிஷன் என்று ஒன்றைச் சந்தையில் விட, அதற்கு எதிர்மருந்தாகக் கம்பெனியாரே வேகத்தைக் கூட்டி டர்போ என்று ஒன்றை அந்த ஆண்டுக்குள்ளேயே இறக்கியதையும், 1993-இல் நான்கு புதிய வீரர்களோடு சூப்பர் வந்தபோது கூட்டிய வேகத்தை மறுபடி குறைத்துவிட்டு ரசிகர்களின் வசவை வாங்கிக்கட்டிக்கொண்டதையும், அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக 1994-இல் சூப்பர் டர்போ பிறந்ததையும் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இவ்வளவுக்கும் பிறகுதான் மூன்று வந்தது, அதுவும் 1997-இல். ஒன்று, இரண்டு என்று எண்ணிய கம்பெனிக்கு மூன்று என்ற எண் மறந்துபோய்விட்டதோ என்று அக்காலத்திலேயே கேலி பேசினார்களாம்.

இந்தச் சரித்திரம் வெறும் வாய்ப்பந்தல் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு வாங்கிய குழந்தைகள் 1992-இல் ஒரு கார்ட்ரிட்ஜ், 1993-இல் டர்போ என்று இன்னொன்று, 1994-இல் சூப்பர் என்று மற்றொன்று என்று தகப்பனாரின் பையைக் காலி செய்தார்கள். சேகா பெட்டி வைத்திருந்தவர்களோ, ஆறு பொத்தான் வேண்டிய ஆட்டத்துக்குக் கையில் மூன்றே பொத்தான் இருக்க, குத்துக்கும் உதைக்கும் நடுவே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அழுத்தி மாறிக்கொண்டு, எதிரி உதைக்கும்போது தாங்கள் குத்துவதா உதைப்பதா என்ற தர்மசங்கடத்தில் உயிரை விட்டார்கள். பதிப்பைத் தெரியாமல் வாங்கினவன் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர்களே பதிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள். பண்டிதரின் வித்தை அனுபவத்தில் விளைந்தது. தொல்லை என்னவென்றால், அது விளைந்து முப்பது வருஷம் ஆகிறது. கேட்க வந்தவனுக்கு வயது பத்தொன்பது.

பெயர் விஷயத்தில் அவர் காட்டும் நுட்பம் தனி. வில்லன்களில் மூவருக்கு ஜப்பானில் ஒரு பெயர், மேல்நாட்டில் வேறொரு பெயர். ஜப்பானில் எம். பைசன் என்பவர் குத்துச்சண்டைக்காரர். அந்தப் பெயரும் முகஜாடையும் மைக் டைசனை ஞாபகப்படுத்தி வழக்கில் கொண்டுபோய் விடுமோ என்று அஞ்சி, அமெரிக்காவுக்குக் கப்பலேற்றும்போது மூன்று பெயர்களையும் குலுக்கிப் போட்டுவிட்டார்கள். அதனால் அங்கே சர்வாதிகாரி பைசன் ஆனான், குத்துச்சண்டைக்காரன் பால்ராக் ஆனான், நகம் கட்டிய ஸ்பானியன் வேகா ஆனான். சர்வதேச சபைகளில் பேசுகிறவராகையால் நம் பண்டிதர் எந்தப் பெயரையும் வாயால் சொல்வதில்லை. "பாக்ஸர்", "கிளா", "டிக்டேட்டர்" என்று, புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்டிரைப் போலச் சுற்றி வளைத்தே குறிப்பிடுவார். நம் தேசத்தின் பிரதிநிதியாக அதில் வரும் தல்சிம் என்ற யோகியைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கழுத்தில் மண்டையோட்டு மாலை, காலும் கையும் ரப்பர்போல நீளும், வாயைத் திறந்தால் யோகத்தின் பெயரால் நெருப்பு. எந்த ஆசிரமத்தில் இவற்றைப் போதிக்கிறார்கள் என்று நான் விசாரித்ததற்குப் பண்டிதர், தல்சிம் மாயமாய் மறைந்து வேறிடத்தில் தோன்றும் சித்தி டர்போ பதிப்பில்தான் கைகூடிற்று என்று பதில் சொன்னார்.

"அப்போ சூப்பர் டர்போவையே வாங்கிடட்டுமா சார்?" என்று பிள்ளை கேட்டான்.

"அவசரப்படாதே தம்பி" என்றார் பண்டிதர். அவசரப்படாதே என்பதுதான் அவருடைய சித்தாந்தத்தின் சாரம். இந்த வியாபாரத்தில் முதலில் வருவது முழுமையான சரக்கு அல்ல. பொறுத்தவனுக்கே பூரணப் பதிப்பு. இதற்கு அவர் காட்டும் பிரமாணம் ஐந்தாம் பாகம். 2016 பிப்ரவரியில் அது வந்தபோது பதினாறே வீரர்கள். தனியாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக எதிரிகளை வெல்லும் சாதாரண ஆர்கேட் முறைகூட அதில் இல்லை. அந்த முறையைச் சேர்த்து ஆர்கேட் எடிஷன் என்று பெயரிட்டு 2018-இல் ஒன்று. வீரர்களை நாற்பது ஆக்கி 2020-இல் சாம்பியன் எடிஷன் என்று இன்னொன்று. முதல் நாளே ஓடிப்போய் வாங்கினவன் ஏமாளி, நான்கு வருஷம் பொறுத்தவன் புத்திசாலி என்பது அவர் கட்சி.

நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நான்காம் பாகத்தின் கதையையும் அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பெட்டிகளுக்கு 2009-இல் வந்த அது, சூப்பர் ஆகி, ஆர்கேட் எடிஷன் ஆகி, 2014-இல் அல்ட்ரா என்ற பட்டத்தோடு நாற்பத்துநான்கு வீரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒருவாறு பூர்த்தியாயிற்று. 2015-இல் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் அதுதான் மேடையில் இருந்தது. 2016-இல் அதே மேடையில் ஐந்தாம் பாகம் உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்தில் பாயசமும் வரட்டும், அப்பளமும் வரட்டும் என்று எல்லாப் பதார்த்தமும் இலைக்கு வரும்வரை கை வைக்காமல் காத்திருந்தவன், நிமிர்ந்து பார்க்கும்போது பந்தியே எழுந்து கைகழுவப் போயிருப்பதைக் கண்டதுபோல, பூரணப் பதிப்புக்காகக் காத்திருந்த புத்திசாலி எல்லா வீரர்களையும் கையில் வைத்துக்கொண்டு அடிப்பதற்கு ஆள் இல்லாமல் நிற்கிறான். சதுரங்கத்தைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாக ஆடலாம். சண்டைக்கு எதிரி வேண்டும்.

இதை நான் சொன்னதும் பண்டிதர் சற்றும் கலங்காமல், "அப்படியானால் மூன்றாம் பாகத்தின் தேர்ட் ஸ்ட்ரைக்கை வாங்கட்டும்" என்றார். 1999-இல் வந்த அந்தப் பதிப்பை அவர் உச்சரிக்கும்போது குரல் தழுதழுக்கும். 2004-இல் கலிபோர்னியாவில் உள்ள பொமோனாவில் நடந்த ஈவோவில், ஜப்பானிய வீரர் டைகோ உமெஹாரா ஆட்டிவைத்த கென் என்ற பாத்திரம், ஒரு மயிரிழை ஜீவனோடு நின்றுகொண்டு, அமெரிக்கர் ஜஸ்டின் வாங் ஆட்டிவைத்த சுன்-லீ அடுக்கடுக்காக விட்ட உதைகளை ஒன்றுவிடாமல் தட்டிக் கழித்துத் திருப்பி அடித்து ஜயித்த அந்த நிமிஷத்தை, அரங்கத்தின் கூக்குரலோடு அவர் அபிநயித்துக் காட்டுவார். தட்டிக் கழிப்பதற்குச் செய்ய வேண்டியதெல்லாம், அடி மேலே விழுகிற அந்தக் கணத்தில், பின்வாங்காமல் எதிரியை நோக்கி விசையைத் தள்ளுவதுதான். விநாடிக்கு அறுபது பிரேம் ஓடும் ஆட்டத்தில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில பிரேம்கள். புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிட உகந்த பாலபாடம் உண்டா என்று பண்டிதர் உண்மையாகவே நம்புகிறார். அந்தப் போட்டியில் டைகோ முடிவில் இரண்டாம் இடம்தான் பெற்றார் என்ற விவரம் அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்வார்.

மற்றக் கம்பெனிகளின் கதைக்கு அவர் போனால் இரவாகிவிடும். கில்டி கியர் எக்ஸ் எக்ஸ் ஆக்சென்ட் கோர் பிளஸ் ஆர் என்று ஒரு பதிப்பு இருக்கிறது. இது ஒரே ஆட்டத்தின் பெயர், ஐந்து ஆட்டங்களின் ஜாபிதா அல்ல. 2012-இல் வந்த அதற்கு 2020-இல் ரோல்பேக் என்ற இணைய உபாயத்தைப் பொருத்திப் புத்துயிர் கொடுத்தார்கள். கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் எதிரி அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவான் என்று இயந்திரமே ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிட்டு, ஊகம் பிசகினால் இரண்டொரு பிரேம் பின்னுக்கு இழுத்துத் திருத்திக்கொள்கிறது. வாங்குகிறவன் கேட்க வேண்டிய ஒரே உருப்படியான கேள்வி இந்த ரோல்பேக் இருக்கிறதா இல்லையா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. பண்டிதரும் அதைச் சொன்னார். பதினேழாவது விஷயமாகச் சொன்னார்.

பிள்ளை வாடிய முகத்தோடு, ஆறாம் பாகத்தில் புதியவர்களுக்கென்றே மாடர்ன் என்று ஒரு சுலப முறை இருக்கிறதாமே என்று மெல்லக் கேட்டுவைத்தான். கேட்டிருக்கக் கூடாது. நெருப்புப் பந்தை எறியக் கீழிருந்து முன்னுக்குக் கால்வட்டம் சுழற்றி, உரிய கணத்தில் குத்து விசையை அழுத்தக் கற்பதற்கு விரல் தேய்ந்த தலைமுறையைச் சேர்ந்தவரிடம், ஒரே பொத்தானை அழுத்தினால் பந்து பறக்கும் என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்! அப்படி எறியும் பந்துக்குக் கம்பெனியாரே ஐந்தில் ஒரு பங்கு வலுவைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல். சாஸ்திரம் குலைந்தது என்று அவர் வெகுநேரம் வருந்தினார். இன்று இந்தக் கலையின் உயிராகக் கருதப்படும், அடிமேல் அடியாகத் தொடுக்கும் காம்போவே, காரை உடைக்கும் இடைக்காட்சியைப் பரிசோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் ஃபுனாமிசுவின் கண்ணில் பட்ட ஒரு பிசகுதான், யாருக்கு இது எளிதில் வரப்போகிறது என்று எண்ணி அதை அப்படியே விட்டுவைத்தார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இவரேதான்.

நான் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருந்தேன். 2019-இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸலான் ஆஷ், உலகம் அதிகம் அறியாதவராக வந்து, ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகஸ் ஈவோவையும் ஒரே ஆண்டில் டெக்கன் 7-இல் வென்றார். எங்கள் ஊரில் இன்னும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் சொல்லிவைத்தார். ஆராய்ந்து வாங்கிய உத்தமப் பதிப்பா அவரை உருவாக்கிற்று? அக்கம்பக்கத்தில் ஓயாமல் அடிக்க ஆள் இருந்தார்கள், அடி வாங்கிப் பழகினார், அவ்வளவுதானே என்று வாதித்தேன். பண்டிதர் கண்ணை மூடிச் சிந்தித்தார். "அது இரண்டாம் சீசன்" என்றார். "மூன்றாம் சீசன் அதற்குப் பிறகுதான் வந்தது."

இதன் பிறகு இரண்டு மூன்று தடவை அந்தப் பிள்ளை அவரிடம் போனான். ஆறாம் பாகத்தின் முதல் இரண்டு ஆண்டு வீரர்களையும் ஒன்றாகக் கட்டி 2025-இல் ஒரு பதிப்பு வந்துவிட்டதே என்று கேட்டபோது, மூன்றாம் ஆண்டு வீரர்கள் அதில் இல்லை, பொறு என்று பதில் வந்தது. கடைசியாகப் போனபோது நானும் உடனிருந்தேன். பிள்ளையின் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது.

"சார், வாங்கிட்டேன். ரூம்மேட் ஒருத்தன் தினமும் ஆடறான். அவன் வச்சிருக்கறதையே நானும் வாங்கிட்டேன். ராத்திரியெல்லாம் அடி வாங்கறேன் சார், நல்லா இருக்கு."

"எந்தப் பதிப்பு?"

"தெரியலை சார். அட்டையில ஆறுன்னு போட்டிருக்கு."

பண்டிதர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமோ மலர்ந்தது. "அட்டையா?" என்றார். "டிஸ்க்கா வாங்கினே? டவுன்லோட் பண்ணலையா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.