தானாக எழும் லேப்டாப்

கேள்வி: என் லேப்டாப் வேலை நடுவிலேயே அணைந்து தானாக மறுபடி எழுகிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், அபிஷேகப்பாக்கம்

பதில்: பொறுங்கள், தலைவலிக்குத் தலையையே மாற்ற வேண்டாம்! முதலில் கோப்புகளை பென்டிரைவில் நகலெடுங்கள். விண்டோஸ் கோளாறு கண்டால் நீல அல்லது கருப்புப் பிழைத்திரை காட்டும்; நாம் படிக்குமுன் மறுபடி கிளம்பிவிடும். விண்டோஸின் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' பகுதியிலுள்ள 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி'யில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுங்கள். திரை நின்று பிழையின் பெயரைச் சொல்லும். 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான ஒரு அப்டேட்தான். அதனால், அண்மையில் ஏறிய அப்டேட்டையும் டிரைவரையும் சந்தேகியுங்கள்.

பிழைத்திரையே வராமல் பொசுக்கென்று அணைந்தால் பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரக் கோளாறு. விசிறித் தூசியை நீக்குங்கள். மெத்தைமேல் வைத்து இயக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரைக் கழற்றி அணைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பேட்டரியை நீங்களே அழுத்தவோ குத்தவோ கூடாது!