துரை விட்டுப் போன வண்டி

கண்டி ராஜாக்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், ரோடு போடாமல் விட்டதுதான். 1594இல் தந்துரையில் போர்த்துக்கேயன் மண்ணைக் கவ்வினான். 1638இல் கன்னொறுவையில் மறுபடியும் கவ்வினான். 1803இல் மேஜர் டேவியின் இங்கிலீஷ் படை கண்டியைக் கைவிட்டுக் கிளம்பி, வத்தாபுளுவையில் மகாவலி பெருகி ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஓடம் கிடைக்காமல் அப்படியே நின்றது. மகாவலியைத் தாண்டித்தான் மடவளை, வத்தேகம, பன்வில எல்லாம். ஆக, எங்கள் ஊர்த் திசையில் நடுவழியில் நின்றுபோன முதல் பெரிய மனிதர் டேவி துரை. நின்ற பிறகு நடந்தது சிரிக்கிற கதை இல்லை. தப்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

1815இல் பிரதானிகளே கதவைத் திறந்துவிட்டார்கள். ராஜா தும்பறைப் பக்கம் ஓடி, மெதமஹநுவர அருகில் பிடிபட்டு, வேலூருக்குப் போய்ச் சேர்ந்தார். மலையைக் குடைகிறவனுக்குத்தான் கண்டி வசப்படும் என்று ஒரு பழங்கதை உண்டு. வெள்ளைக்காரன் முதலில் கண்டியைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் சாவகாசமாகக் கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்தான். கப்டன் டோசன் முன்நின்று போட்ட அந்த ரோட்டுக்காக அவருக்கு 1832இல் கோபுரம் கட்டினார்கள். ராஜகாரியம் என்று இழுத்துவந்து கல்லுடைக்க வைத்த குடியானவர்களுக்கு ஒரு திண்ணைகூடக் கட்டவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களுக்கு அந்த ரோடும் கிடையாது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை, அங்கிருந்து மலைக்கு நடை. நக்கிள்ஸ் சாரலில் கோப்பி நட்டார்கள். கோப்பி இலைநோய் வந்து செத்ததும் அதைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். இந்த நாட்டில் ஒருநாளும் பிரேக்டவுன் ஆகக் கூடாது என்று எதிர்பார்க்கப்பட்ட ஒரே வண்டி தோட்டத் தொழிலாளியின் கால்.

கார் துரைக்கு. மொரிஸ் மைனர் 1948இல் வந்தபோது, கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவே அதை உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று திட்டினாராம். அந்த முட்டைதான் பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆனது. இலங்கையில் அது டாக்டர், புரக்டர், தலைமை வாத்தியார் என்று எல்லோர் வாசலிலும் நின்றது. எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது மொரிஸ் இல்லை; அதே நாட்டு வேறொரு கம்பெனிக் கார். பேரைச் சொல்லமாட்டேன். அவர்கள் வழக்குப் போட்டால் கோர்ட்டுக்கும் அதிலேதான் போக வேண்டிவரும்.

அது எங்களிடம் வந்த விதம் சரித்திரப் பிரசித்தி பெற்றது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம். 1975இல் கம்பெனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரைமார் பெட்டி கட்டினார்கள். நாயைக்கூடக் கப்பலில் ஏற்றினார்கள், காரை ஏற்றவில்லை. அதிலேயே எங்கள் பெரியப்பாவுக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். அவர் மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீ மேக்கர். "ஃபேக்டரியில ரோலரையே ஓட்டுறேன், இது என்ன பெரிய மிஷினு" என்று வாங்கிவிட்டார்.

காலமும் தோதான காலம். நிதியமைச்சில் 1975 வரை டாக்டர் என்.எம். பெரேரா இருந்தார், அசல் ட்ரொட்ஸ்கியவாதி. டொலர் இல்லை, ஆகவே இறக்குமதி இல்லை. புதுக் கார் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸும் இல்லை. ட்ரொட்ஸ்கி சொன்ன நிரந்தரப் புரட்சி எங்கள் பக்கம் நிரந்தர ரிப்பேராக வந்து இறங்கியது. பாணுக்கே கியூ. லயங்களில் ஜனம் பட்டினி கிடந்த வருஷங்கள் அவை. அந்த நேரத்தில் கார் வைத்திருந்த பெரியப்பாவை ஊர் பணக்காரர் என்று நம்பியது. வீட்டில் பெரியம்மாவின் காப்பு எங்கே போனது என்று ஊருக்குத் தெரியாது.

வண்டிக்கு ஒரு கொள்கை உண்டு. இறக்கத்தில் எந்தக் குறையும் வைக்காது. பன்வில கடைத்தெருவைத் தாண்டி மடுல்கலை ஏற்றம் தொடங்கியதும் ரேடியேட்டர் கொதிக்கும். பெரியப்பா சீட்டுக்குப் பின்னால் ஒரு தகர டின் வைத்திருந்தார். வழியில் எந்த ஓடையில் தண்ணீர் எந்த மாதத்தில் வற்றும் என்பது அவருக்கு அத்துப்படி. அடுத்தது பெற்றோல் பம்ப். பொனட்டுக்குள் ஒரு மூலையில் இருந்துகொண்டு டிக் டிக் என்று அடிக்கும். சத்தம் நின்றால் வண்டி நிற்கும். அதற்கு வைத்தியம், இறங்கி, பொனட்டைத் திறந்து, ஸ்பேனரால் பம்பின் தலையில் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் கோபித்துக்கொள்ளும், மெதுவாகத் தட்டினால் மதிக்காது. அந்தப் பக்குவம் பெரியப்பாவுக்கும் மடவளை கராஜ் நானாவுக்கும் மட்டும்தான் கைவந்தது.

நானாதான் ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்: "டீ மேக்கர் ஐயா, இதுக்குச் சாமான் வேணும்னா பஞ்சிகாவத்தைக்குத்தான் போகணும். அங்க இல்லாட்டி இங்கிலாந்துலயும் இல்ல." கொழும்பு பஞ்சிகாவத்தையின் பெருமை அப்படி, ராத்திரி களவுபோன உங்கள் சொந்த சைட் மிரரையே காலையில் அங்கே விலைக்கு வாங்கலாம் என்பார்கள். நானா சும்மா சொன்னது பின்னால் பலித்தது. 1990களில் சார்ல்ஸ் வேர் என்ற வெள்ளைக்காரர் மொரிஸ் மைனருக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். காரைச் செய்த நாடு மறந்துபோன வேலையை, அதை ஓட்டமுடியாமல் தவித்த நாடு கற்றுக்கொண்டிருந்தது.

பம்பும் ஒத்துழைக்காத நாட்களில் தள்ள வேண்டும். தள்ளுவது யார்? பெரியப்பா பகலெல்லாம் அதட்டுகிற அதே ஃபேக்டரி ஆட்கள். நாலு பேர் டிக்கியில் கைவைத்து நிற்பார்கள், தள்ளமாட்டார்கள்.

"ஐயா, நேத்து எனக்கு அரைப் பேர்தான் விழுந்திருக்கு."

"அதை ஒபிஸ்ல பேசிக்கலாம், தள்ளு."

"ஒபிஸ்ல பேசினா நீங்க காது குடுக்கிறதில்லீங்களே."

மழை வேறு தூறும். முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, போடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் முதல் தள்ளு. எந்தத் தொழிற்சங்கத்தையும் விட அந்தக் கார் எங்கள் தோட்டத்துக்கு அதிகம் வாங்கிக்கொடுத்தது என்பது என் கணிப்பு.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன இறக்குமதிக் கதவைத் திறந்தார். ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆகிற வண்டிகளில் பெரியப்பாவுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. "வண்டின்னா மனுசனோட பேசணும்" என்றார். அவருடையது பேசியது, பெரும்பாலும் மறுத்துப் பேசியது.

அவருக்குக் காலம் ஒரு மரியாதை செய்தது, கொஞ்சம் தாமதமாக. 2020 மார்ச்சில் டொலர் இல்லை என்று வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. 2022இல் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய். காருக்குக் கியூ.ஆர். அட்டையைக் காட்டினால் வாரத்துக்கு 20 லீட்டர். ஷெட் வாசலில் தொடங்கி வளைவுக்கு அப்பால் வரை வரிசை. இருக்கிற சொட்டு எண்ணெயை எரிக்கப் பயந்து, ஹைபிரிட் கார் வைத்திருந்த கண்டிப் பெரிய மனிதர்களும் இறங்கித் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். பெரியப்பா இருந்திருந்தால் வகுப்பெடுத்திருப்பார்.

கார் இப்போது பெரியப்பா மகனின் வீட்டுச் சார்ப்பில் நிற்கிறது. பழைய ஈ.என். நம்பர். 1958இல் நம்பர் பிளேட்டில் ஏறிய சிங்கள ஸ்ரீ எழுத்துக்காகத் தார் வாளியும் கையுமாக நாடு அடித்துக்கொண்டபோது, அதற்கு முன்பே பதிவான வண்டி என்பதால் தப்பியது. அது தானாக ஒன்றிலிருந்து தப்பியது அந்த ஒரு முறைதான்.

கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் கண்டித் தம்பி ஒருவன் அண்மையில் வந்து பார்த்தான். ஓடுமா என்று கேட்பான் என்று அண்ணன் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். அவன் கேட்கவே இல்லை.

"நம்பர் பிளேட் ஒரிஜினல்தானே அண்ணே?"

ஒரிஜினல்தான் என்றதும் ஒரு தொகை சொன்னான். லொறியில் ஏற்றிக்கொண்டு போவானாம்; மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்தால் போதுமாம். "நாலு பேர் பின்னால தள்ளுற மாதிரியும் ஒண்ணு எடுப்போம், இப்ப அதுதான் ஃபேஷன்."

பேரம் படியவில்லை. அண்ணன் தள்ளுகூலி தனியாகக் கேட்டார்.